எழுதினோன் இல்லாத ஓலை

மக்கள் நாள்தோறும் படிக்கும் எழுத்தில் மிகப் பெரும்பகுதி காவியமும் அன்று, சாத்திரமும் அன்று. கடைச் சிட்டையும், வங்கி அறிவித்தலும், அலுவலகக் கடிதமும், பற்றுச்சீட்டுமே அப்பெரும்பகுதி. ஒரு நூலைத் தன் வாழ்நாளில் முழுதும் படித்திராத ஒருவனும் இவற்றைப் படித்தே தீர்தல் வேண்டும். படிக்க மாட்டாதவன் பிறரைக் கொண்டு படிப்பித்தேனும் பொருள் அறிதல் வேண்டும். இங்ஙனம் எல்லாரையும் சென்று தொடும் எழுத்தைத் திறனாய்வோர் பெரும்பாலும் கருதுவதில்லை. உயர்ந்த நூல்களில் தோய்ந்த உள்ளத்துக்கு இது ஆராயத் தக்கதாய்த் தோன்றாமை இயல்பே. ஆயினும் ஒரு மொழியின் உடல்நலத்தை அறிய விழைவோர் அது விழா நாளில் அணியும் அணிகளை மட்டும் நோக்கி அமைதல் போதாது. அது நாள்தோறும் உண்ணும் உணவையும் நோக்குதல் வேண்டும். அவ்வகையில், கணக்கியல் மென்பொருள்கள் தாமே எழுதித் தாமே அனுப்பும் விலைப்பட்டியல் மின்னஞ்சல்களின் வாசகம் இக்காலத்தில் ஆராய்ச்சிக்கு உரிய ஒரு பொருளாகின்றது. அதனை ஆராய்தற்கு மாத்தளை மாவட்டத்துச் சீகிரியா மிகப் பொருத்தமான ஓர் இடமாகும். அதன் காரணம் முதற்கண் கூறப்படல் வேண்டும்.

சீகிரியாக் குன்று சூழவுள்ள சமவெளியினின்றும் ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்பது. கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட முதலாம் காசியப்பன் அதனைத் தன் அரண்மனைக் கோட்டையாக்கினான். அவன் மறைந்தபின் அரண்மனை பாழ்பட்டது. ஆயினும் அங்குள்ள ஓவியங்களைக் காண வருவோர் தொகை குறையவில்லை. அவ்வாறு வந்தோர், ஏறும் வழியை ஒட்டி அமைந்த பளபளப்பான சுவரின்மீது கூர்ங்கருவியாற் பாக்களைக் கீறிச் சென்றனர். அவற்றுட் பெரும்பாலன எட்டாம் நூற்றாண்டு முதற் பத்தாம் நூற்றாண்டு வரையிலானவை. கலாநிதி செனரத் பரணவிதான அவற்றுள் 685 பாக்களைப் படித்து, 1956ஆம் ஆண்டில் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். சிங்கள மொழியின் பண்டை வரலாற்றுக்கு அவை ஒப்பற்ற சான்றுகள். அரச அதிகாரிகள், துறவிகள், பெண்டிர் எனப் பல நிலையினரும் அங்கு எழுதியிருக்கின்றனர்.

இக்கட்டுரைக்கு வேண்டப்படுவது அப்பாக்களின் கவிநயம் அன்று. அவற்றிற் காணும் ஒரு வழக்கமே. எழுதியோர் பலர் தம் பெயரைச் சொல்லி, தம் ஊரையோ நிலையையோ சொல்லி, இதனை எழுதியவர் தாமே என்றும் சொல்லிச் செல்கின்றனர். இது ஒரு வாய்பாடு. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய வாய்பாடு. இவ்வழக்கத்தை எள்ளியவரும் உண்டு. நூற்றுக்கணக்கானோருடன் வந்த ஒருவர், ஏனையோரெல்லாம் பாவெழுதினமையால் தாம் எழுதவில்லை என்பதையும் தம் பெயரோடு அச்சுவரிலேயே எழுதிச் சென்றார்! அவ்வாறு எள்ளியவரும் தம் பெயரை மறைக்கவில்லை என்பது கருதத்தக்கது. ஆயிரம் ஆண்டு கழித்தும், இச்சொல்லை இன்னார் சொன்னார் என்று காட்டவல்லதாய் அச்சுவர் நிற்கின்றது.

அதே குன்றின் அடிவாரத்தில் இன்று வேறு வகையான எழுத்து வழங்குகின்றது. 1982ஆம் ஆண்டிற் சீகிரியா உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டது. கிம்பிஸ்ஸ, இனாமலுவ முதலிய அயலூர்களிற் பெரிய உணவகங்களும், வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர்க்கு ஒதுக்கிய சிறு விடுதிகளும் உள்ளன. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பாடசாலைச் சுற்றுலாக் குழுக்கள் வருகின்றன. சென்னையிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. முன்னர் விடுதியாளர் கையாற் சிட்டை எழுதிக் கொடுத்தனர். இப்பொழுது பலர் கணக்கியல் மென்பொருளைக் கைக்கொண்டுள்ளனர். தொகையைப் பதிந்தவுடன் அம்மென்பொருளே விலைப்பட்டியலை ஆக்குகின்றது. அதனோடு ஒரு கடிதத்தையும் தானே இணைத்து அனுப்பிவிடுகின்றது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் பரிமாற்றச் சட்டத்தின் பின்னர் இத்தகைய ஆவணங்களுக்கு இலங்கையிற் சட்ட வலுவும் உண்டு. ஆகவே, அக்கடிதம் விளையாட்டுப் பொருள் அன்று. பணம் கேட்கும் ஆவணத்தின் முகவுரை அது.

அக்கடிதத்தின் சொற்களை அமைத்தவர் யார்? விடுதியாளர் அல்லர். மென்பொருளை ஆக்கிய நிறுவனத்தில், தொலைதூர நாடொன்றில், எவரோ ஒருவர் என்றோ ஒருநாள் எல்லா வணிகர்க்கும் பொதுவாக ஒரு வாசகத்தை எழுதி வைத்தார். பெயர், தொகை, நாள் என்பவற்றுக்கு மட்டும் வெற்றிடம் விட்டார். பயன்படுத்துவோர் மாற்றாதவரையில் அதுவே செல்லும். மாற்ற இடமுண்டு, ஆயின் அவ்விடம் அமைப்புப் பக்கங்களின் உள்ளே ஒதுங்கிக் கிடத்தலின் பலர் அதனைக் கண்டதில்லை, கண்டோரும், முன்பே எழுதப்பட்டிருப்பது நன்றாகவே இருக்கும் என்று நம்பி விட்டுவிடுகின்றனர். ஏவிய ஆள் வாயைத் திறவாதிருக்க, ஏவலன் தன் மனம்போனவாறு பேசுவதை ஒத்தது இது.

அவ்வாசகத்தின் மூலம் பெரும்பாலும் ஆங்கில வணிகக் கடிதநடை. இணைக்கப்பட்டதைக் காண்க, வசதியான முதல் வேளையிற் பணம் அனுப்புக, வணிகத் தொடர்புக்கு நன்றி என்னும் மூன்றுமே அந்நடையின் முத்திரைச் சொற்கள். ஆங்கிலேயருள்ளும் நல்ல உரைநடை வல்லோர் அவற்றை நெடுங்காலமாகக் குறை கூறியுள்ளனர். அவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் விளைவது பின்வருமாறு அமையும்:

“அன்பான மதிப்புமிக்க வாடிக்கையாளர் கந்தையா, உங்கள் விலைப்பட்டியல் இணைக்கப்பட்டிருப்பதைத் தயவுசெய்து கண்டறியவும். உங்கள் ஆரம்ப வசதியில் பணத்தை அனுப்பவும். உங்கள் வணிகத்திற்கு நன்றி. நாங்கள் அதை மிகவும் பாராட்டுகிறோம்.”

யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் மாணவர் குழு சீகிரியாவில் இரண்டு இரவு தங்கி மீண்டது எனவும், பொறுப்பாசிரியரான சண்முகநாதன் என்பாருக்கு இக்கடிதம் வந்தது எனவும் கொள்க. அவர் தந்தை பெயர் கந்தையா. இனி இக்கடிதத்தை ஆராயலாம்.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை வகுத்தார். அவை நூலுக்குக் கூறப்பட்டனவேனும் கருத்தை உணர்த்தும் எவ்வகை உரைக்கும் பொருந்துவன. ஐந்து வரிகளும் நிரம்பாத இக்கடிதத்தில் அப்பத்துள் எத்தனை இடம்பெறுகின்றன என்று காண்பது வியப்பைத் தரும்.

முதலாவது, குன்றக் கூறல். எதற்குரிய பணம், எத்தனை பேருக்கு, எத்தனை இரவுக்கு, எவ்வளவு, எந்நாளுக்குள் என்பவற்றுள் ஒன்றேனும் கடிதத்தில் இல்லை. ஆசிரியர் அறிய விரும்புவன இவையே, இவையே விடப்பட்டன. அடுத்தது, மிகைபடக் கூறல். முன்பின் அறியாத ஒருவர் ‘அன்பான’ என்றும் ‘மதிப்புமிக்க’ என்றும் அடுக்கப்படுகின்றார். அன்பும் மதிப்பும் அடைமொழியால் உண்டாவன அல்ல. நன்றி என்று கூறியபின் மிகவும் பாராட்டுகிறோம் என்றல் கூறியது கூறல் ஆகும்.

மாறுகொளக் கூறல் இன்னும் தீங்கானது. கடிதம், உங்கள் வசதிப்படி பணம் அனுப்புக என்கின்றது. இணைக்கப்பட்ட பட்டியலிலோ, பெற்றவுடன் செலுத்துக என்ற குறிப்பு உள்ளது. கடிதத்தை நம்பி ஆசிரியர் மாத இறுதிவரை பொறுத்திருப்பாராயின், தவணை கடந்தது என்னும் நினைவூட்டல் அம்மென்பொருளாலேயே அவருக்கு அனுப்பப்படும். வசதிப்படி என்று இசைவு தந்ததும் அதுவே. கடந்தது என்று குற்றஞ்சாட்டுவதும் அதுவே. பணத்தைக் கையிற் கொடுத்து அது கணக்கில் ஏற்றப்படாதிருந்தாலும் நினைவூட்டல் செல்லும். கொடுத்த கடனைக் கொடாதவனாக எழுத்திற் குறிக்கப்படுதல் நம்மவர்க்குச் சிறிய செய்தி அன்று.

வழூஉச்சொற் புணர்த்தலுக்குச் சான்று பல. ‘கண்டறிதல்’ என்பது மறைந்து கிடப்பதைத் தேடி வெளிப்படுத்தல். நோயைக் கண்டறிவர், களவைக் கண்டறிவர். கடிதத்தோடு சேர்த்து அனுப்பிய பட்டியலைக் கண்டறியுமாறு கேட்டல், அதனை ஒளித்து வைத்ததுபோல் ஆகின்றது. ‘உங்கள் வணிகத்திற்கு நன்றி’ என்பது அதனினும் விந்தையானது. இங்கே வணிகம் செய்தவர் விடுதியாளர். ஆசிரியர் மாணவரை அழைத்து வந்து தங்கினாரேயன்றி ஒரு வணிகமும் செய்திலர். தங்கியதற்கு நன்றி, வந்ததற்கு நன்றி என்பதே தமிழ். ‘ஆரம்ப வசதி’ என்பதற்கோ எம்மொழியிலும் பொருள் இல்லை.

மயங்க வைத்தல் பெரும்பாலும் இணைப்பிற் காணப்படும். 03/04/2025 என்று நாள் குறிக்கப்பட்டிருப்பின், இலங்கையார் அதனை ஏப்பிரல் 3 என்பர். அமெரிக்க வழக்கின்படி அமைந்த மென்பொருள் மார்ச் 4 எனக் கருதி அச்சிட்டிருக்கும். ஒரு மாதத்துக்கு ஒருநாள் குறைந்த வேறுபாடு அதில் அடங்கும். ‘ரூ.’ என்ற குறி சென்னையிலிருந்து வந்தவருக்கு இந்திய ரூபாயையும், விடுதியாளருக்கு இலங்கை ரூபாவையும் உணர்த்தும். அடியில், இந்த மென்பொருளை நீங்களும் வாங்கிப் பயன்பெறலாம் என்னும் விளம்பரம் சில மின்னஞ்சல்களில் இடம்பெறுகின்றது. இது மற்றொன்று விரித்தல். ஈற்றில், இம்மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டா என்று ஒரு தொடர். ஐயம் கேட்கவும் இடமின்றி முடிதலால் அது நின்று பயனின்மை. பத்துக் குற்றத்துள் எட்டு இச்சிறு கடிதத்திற்குள் அமைந்துவிட்டன.

இக்குற்றங்கள் சொல்லைத் திருத்தினால் நீங்குவன. இவற்றின் வேறாய், தமிழின் இயல்போடு முரணும் இரண்டு குறைகள் உள்ளன. ஒன்று விளியைப் பற்றியது. மற்றொன்று வேண்டலைப் பற்றியது.

விளியை நோக்குக. மேனாட்டு வழக்கில் ஒருவர்க்கு இடுபெயர் முன்னும் குடிப்பெயர் பின்னும் நிற்கும். மென்பொருளின் வெற்றிடங்கள் அவ்வழக்குக்கு ஏற்ப வகுக்கப்பட்டவை. ஈழத்துத் தமிழர் தந்தை பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதுவர். ஆகவே, முதற்பெயரைக் கொண்டு விளிக்கும் மென்பொருள் ஆசிரியரை விடுத்து அவர் தந்தையாரை அழைத்துவிடுகின்றது. தந்தையார் காலஞ்சென்றவராயின், அவரை ‘அன்பான வாடிக்கையாளர்’ என்று அழைத்துப் பணம் கேட்கும் நிலை உண்டாகின்றது. பிற்பெயரைக் கொண்டு விளிக்குமாறு மாற்றினால், தம் பெயருக்குப்பின் கணவர் பெயரையோ தந்தை பெயரையோ எழுதும் பெண்டிர்க்கு அதே இடர் நேரும். குடிப்பெயரை முன்வைத்து எழுதும் சிங்களவருக்கும் இவ்வாசகம் ஒத்து வருவதில்லை. ஒரு நாட்டின் பெயர்முறையை உலகமுறையாகக் கருதியதால் விளைந்த பிழை இது.

வேற்றுமை உருபும் வெற்றிடத்தோடு பொருந்துவதில்லை. ஆங்கிலத்திற் பெயர் எவ்விடத்து நிற்பினும் வடிவு திரியாது. தமிழில் மாணிக்கம் என்பது நான்காம் வேற்றுமையில் மாணிக்கத்துக்கு எனச் சாரியை பெறும். இயந்திரமோ ‘மாணிக்கம்க்கு’ என்றெழுதும். ‘1 நாட்கள்’ என்று ஒருமையோடு பன்மையை மயக்கும். இவற்றைக் கண்டு, தமிழ் இயந்திரத்துக்கு ஒவ்வாத மொழி என்று முடிவு கட்டுவார் உளர். அது பொருந்தாது. நம் முன்னோர் கடிதத்தில் ‘மாணிக்கம் அவர்களுக்கு’ என எழுதிய வழக்கம் இவ்விடரை எப்பொழுதோ தீர்த்துவிட்டது. உருபை ஏற்பது ‘அவர்கள்’ என்னும் சொல்லே; ஆகவே எப்பெயரை முன்னே இட்டாலும் வழு நேராது. ஆண்பால் பெண்பால் வேறுபாடும் அங்கே எழாது, மரியாதையும் குன்றாது. நாளை எண்ணுங்காலும், ‘மூன்று நாள்’ என்பது தமிழ் வழக்கே. ஆகவே குறை மொழியினிடத்து இல்லை. மொழியறிந்தாரை வினவாமல் வாசகம் அமைத்தவரிடத்தே உள்ளது.

இனி வேண்டல். ஒரு பொருளைப் பெறுதற்குச் சொல்லும் சொல், சொல்வோனுக்கும் கேட்போனுக்கும் உள்ள உறவைக் காட்டும் என்பதைத் தொல்காப்பியர் நுண்ணிதின் உணர்ந்திருந்தார். இழிந்தோன் வேண்டும்பொழுது ‘ஈ’ என்றும், ஒத்தோன் வேண்டும்பொழுது ‘தா’ என்றும், உயர்ந்தோன் வேண்டும்பொழுது ‘கொடு’ என்றும் சொல்வது மரபு என்று சொல்லதிகாரத்து எச்சவியலில் அவர் விதித்தார். நன்னூலாரும் அதனை ஏற்றுரைத்தார். இன்றைய பேச்சில் இவ்வேறுபாடு முழுமையாக நிலவவில்லை. எனினும் அதன் உட்கருத்து நிலைத்துள்ளது. கேட்பது யார், யாரிடம், எவ்வுரிமையால் என்பதை உணராமற் கேட்கும் சொல் செவிக்கு இடறும். விருந்தினராய்த் தங்கியவரிடம் விடுதியாளர் உரிய கட்டணத்தைக் கேட்டல் ஒத்தார் இருவர்க்கிடையே நிகழும் கொடுக்கல் வாங்கல். அங்கே இரத்தலும் வேண்டா, ஏவலும் வேண்டா. இயந்திர வாசகமோ முதலடியில் ‘அன்பான மதிப்புமிக்க’ என்று இரப்பவன்போற் பணிந்து, மூன்றாமடியில் ‘அனுப்பவும்’ என்று அதிகாரிபோல் ஏவுகின்றது. உறவின் நிலை அறியாத குரல் அங்ஙனம் தடுமாறுதல் இயல்பே.

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் பின்வருமாறு மறுத்துரைக்கலாம்: ‘விலைப்பட்டியல் பா அன்று. எவரும் அதனை இன்பங் கருதிப் படிப்பதில்லை. ஒரே வாய்பாட்டை எல்லார்க்கும் அனுப்புதல் வணிகத்துக்கு எளிது. வாய்பாடு பழந்தமிழிலும் உண்டன்றோ?’ இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. வாய்பாடு நம் மரபில் நிரம்ப உண்டு. பிள்ளையார் சுழியும் சிவமயமும் இட்டு, இவ்விடம் நலம், அவ்விடத்து நலத்துக்கு எழுதுக என்று தொடங்கிய கடிதங்களைக் கண்டவர் இன்றும் பலர். சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று தொடங்கி, மெய்க்கீர்த்தி கூறி, தானத்தைச் சொல்லி, காப்புரை கூறி முடியும். வாய்பாடு என்ற காரணத்தால் அவற்றை எவரும் பழிப்பதில்லை.

பழிக்காமைக்குக் காரணம் யாது? அக்கல்வெட்டுக்களின் இறுதியை நோக்கினால் விளங்கும். சபையோரும் கணக்கரும், ‘இவை இன்னார் எழுத்து’ எனத் தம் ஒப்பத்தைத் தனித்தனி பொறித்திருப்பர். ‘இப்படிக்கு இவை என் எழுத்து’ என்பது அவ்வொப்பத்தின் வடிவு. இன்று கடிதத்தின் அடியில் எழுதும் ‘இப்படிக்கு’ என்னும் சொல்லின் பொருளும் அதுவே: மேற்கூறியபடிக்குப் பொறுப்பு ஏற்பவர் இன்னார் என்பது. சீகிரியாவுக்கு அயலதாகிய பொலன்னறுவையில், 12ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் வேளைக்காரர் தமிழ்க் கல்வெட்டு உளது. தந்ததாது வைக்கப்பட்ட கோயிலைக் காத்தற்குத் தமிழ்ப் படையினர் தம்மைப் பிணித்துக்கொண்ட உறுதியுரை அது. கல்வெட்டுக்குரிய மரபுத் தொடர்கள் அதிலும் உண்டு. ஆயின் உறுதி கூறியவர் யாவர் என்பதில் ஐயம் இல்லை.

வணிக ஆவணங்களிலும் இதுவே நிலை. வட இந்திய உண்டியல்களில், தொகையைச் சொல்லி, அதன் பாதி இன்னது, அதன் இருமடங்கு இன்னது என்று மீட்டும் சொல்லும் வழக்கு இருந்தது. நன்னூலார் கணக்கிற் கூறியது கூறலாகும் இது, அங்கே குற்றமாகாமல் அரணாயிற்று. தொகையைத் திருத்த நினைக்கும் வஞ்சகன் எல்லா இடத்துந் திருத்த வேண்டியவனானான். ஒவ்வொரு சொல்லும் ஒரு தேவையிலிருந்து பிறந்தமையால் அவ்வாய்பாடு உயிருள்ளதாயிருந்தது. எனவே, வாய்பாடாதல் ஒரு வாசகத்தின் குற்றம் அன்று. தன்னைச் சொல்பவர் எவரும் இல்லாத வாய்பாடாதலே குற்றம். விடுதியாளர் அதனை எழுதவில்லை, படிக்கவும் இல்லை. எழுதி வைத்தவர் சண்முகநாதனை அறியார், சீகிரியாவை அறியார். அனுப்பிய இயந்திரம் ஒன்றையும் அறியாது. ஒருவரும் சொல்லாத சொல், விடுதியாளர் சொன்னதாகக் கருதப்பட்டு, அதன் பழி அவர்மேல் ஏறுகின்றது. இரண்டு நாள் முகமலர்ந்து உபசரித்தவர், ஒரு கடிதத்தால் நாகரிகமற்றவராய்த் தோற்றுகின்றார்.

இதனால் மனவருத்தம் மட்டுமன்றிப் பொருளிழப்பும் நேரும் என்பதை உலகம் கண்டுள்ளது. எல்லாருடைய கடிதமும் ஒரே சொற்களால் ஆயின், உண்மைக் கடிதத்தையும் போலிக் கடிதத்தையும் பிரித்தறியும் வழி சுருங்குகின்றது. லித்துவேனிய நாட்டான் ஒருவன் 2013 முதல் 2015 வரை, வேறொரு நிறுவனத்தின் பெயரிற் போலி விலைப்பட்டியல்களை மின்னஞ்சலில் அனுப்பி, கூகிள், பேஸ்புக் என்னும் இரு பெரு நிறுவனங்களிடமிருந்தே பத்துக் கோடி அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட தொகையைக் கவர்ந்தான்; 2019ஆம் ஆண்டில் நியூயோர்க் நீதிமன்றத்தில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். அத்துணைப் பெரிய நிறுவனங்களின் கணக்கரே ஏமாந்தனர் எனின், ஒரு கல்லூரியின் சுற்றுலாப் பொறுப்பாசிரியர் எம்மாத்திரம்? விடுதியாளர் தம் சொந்தச் சொல்லில், மாணவர் தொகையையும் தங்கிய நாளையும் குறித்து எழுதிய கடிதத்தைப் போலி செய்தல் அத்துணை எளிதன்று. நடந்ததை அறிந்தவரே அதனை எழுதவியலும்.

மொழியுரிமையையும் இது தொடுகின்றது. பரணவிதானவின் நூல் வெளிவந்த 1956ஆம் ஆண்டிலேயே, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டமும் நிறைவேறியது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதலை ஏற்றது. அவ்வேற்பின் பின்னரும், பொதுவிடங்களிற் பிழை மலிந்த தமிழ்ப் பலகைகள் நிற்பதைக் கண்டு வருந்தாத தமிழர் இலர். அரசின் பலகையிற் பிழை கண்டால் முறையிட ஓர் ஆணைக்குழு உண்டு. தனியார் மென்பொருளின் வாசகத்திற் பிழை கண்டால் முறையிடுதற்கு அத்தகைய இடம் ஒன்றும் இல்லை. மேலும், பலகையின் பிழை ஓரிடத்தில் நிற்கும். மென்பொருளின் பிழை ஒரே நொடியில் ஆயிரம் வீடு செல்லும். ‘உங்கள் வணிகத்திற்கு நன்றி’ என்பதைப் பலகாற் படிக்கும் இளைஞன் அதனையே தமிழ் எனக் கொள்வான். நாளை அவன் எழுதும் கடிதத்திலும் அது புகும். தமிழ் உரிமை பெற்றது, தமிழ் எழுத்தில் அச்சாகும் எதனையும் தமிழென ஏற்றற்கு அன்று.

இக்குறையைத் தீர்த்தல் பேருழைப்பு வேண்டாதது என்பதைக் காட்டின் அல்லது திறனாய்வு நிறைவுறாது. பின்வரும் வாசகத்தை நோக்குக:

“திரு. சண்முகநாதன் அவர்களுக்கு, வணக்கம். 2025 மார்ச் 14, 15 ஆகிய இரண்டு இரவு உங்கள் கல்லூரியினர் எங்கள் விடுதியில் தங்கியதற்குரிய கட்டணம் இலங்கை ரூபா 96,000. விவரம் இணைப்பில் உள்ளது. இத்தொகையை 2025 மார்ச் 31ஆம் நாளுக்குள் தருமாறு கேட்டுக்கொள்கின்றோம். முன்னரே தந்திருப்பின் இதனைப் பொருட்படுத்த வேண்டா. ஐயம் இருப்பின் இம்மின்னஞ்சலுக்கே பதில் எழுதலாம். எங்களிடம் வந்து தங்கியமைக்கு நன்றி. இப்படிக்கு,” எனக் கூறி, கீழே விடுதியாளர் பெயரும் ஊரும்.

இதுவும் வாய்பாடே. பெயர், நாள், தொகை, தவணை என்னும் இடங்கள் அனைத்தையும் இயந்திரமே நிரப்பலாம். எவ்விடத்தும் உருபு முரணாது. நாளைச் சொல்லிலும் எண்ணிலும் மயக்கமின்றி எழுதியதால் கடல் கடந்தாரும் ஒன்றே உணர்வர். வேண்டல் ‘தருமாறு’ என ஒத்தாருக்குரிய சொல்லில் அமைந்தது. அன்பு என்னும் சொல் இதில் ஓரிடத்தும் இல்லை. தங்கிய நாளை நினைவிற் கொண்டு எழுதியதில் அதன் பொருள் உண்டு. விடுதியாளர் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு இதனைத் தம் மென்பொருளில் அமைத்துவிட்டால், பின் ஒவ்வொரு கடிதமும் அவர் குரலிலேயே செல்லும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இவ்வாறே அமைக்கலாம்.

விடுதியாளர் எல்லாரும் மொழிவல்லோராதல் இயலாது. இவ்விடத்திற் கல்லூரிகளுக்கு ஒரு கடமை உண்டு. வணிகக் கல்வி பயிலும் மாணவர் வரவு செலவை எழுதப் பழகுகின்றனர். அதனைக் கேட்டுப் பெறும் கடிதத்தை எழுதப் பழகுதல் குறைவு. தமிழ் பயிலும் மாணவர் பத்துக் குற்றத்தையும் மனனஞ் செய்கின்றனர். தம் வீட்டுக்கு வந்த மின்னஞ்சலில் அவற்றைத் தேடிப் பார்ப்பதில்லை. இவ்விரு வகுப்பும் ஒருநாள் ஒன்றுகூடி, வழக்கிலுள்ள வாசகங்களைத் திரட்டி, குறை கண்டு, நல்ல வடிவங்களை ஆக்கி, வேண்டுவோர்க்கு அளிக்குமாயின், அதன் பயன் பல கடைகளுக்கும் விடுதிகளுக்கும் சென்று சேரும். சுற்றுலாச் செல்லும் மாணவர் தாம் தங்கிய இடத்துக்கே அதனை வழங்கி வரலாம்.

சீகிரியாச் சுவரில் எழுதியவர்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற புலவர்கள் அல்லர். வந்து கண்டு சென்ற பொதுமக்களே. அவர்கள் எழுத்தை ஆயிரம் ஆண்டுக்குப்பின் அறிஞர் ஒருவர் அமர்ந்து படித்ததற்கு, ஒவ்வொரு பாவுக்குப் பின்னும் ஒரு மனிதர் நின்றார் என்பது ஒரு காரணம். இக்காலத்து விலைப்பட்டியல்கள் அத்துணைக் காலம் நிலைக்க வேண்டுவதில்லை. தவணை நாள் வரை நின்றாற் போதும். ஆயினும் அதுவரை நிற்கும் சொல்லுக்கும் உரியவர் ஒருவர் இருத்தல் வேண்டும். ‘இப்படிக்கு’ என்று எழுதியபின் அவ்விடத்தை வெறிதே விடுதல் தமிழ் மரபன்று.